எகிப்தின் தராசும் இதயக் கலயமும்

கேள்வி: எகிப்தியரின் சமயத்தை வகுப்பில் தொடங்கினாலே, நரித்தலைத் தெய்வத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள். எப்படிக் கற்பிக்கலாம்? (ஓர் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை)

பதில்: யானைமுகனைக் கும்பிட்டுவிட்டு வரும் பிள்ளைகள்தாமே, அதை மட்டும் நினைவூட்டினால் போதும், சிரிப்பு அடங்கிவிடும். மம்மியில் தொடங்காதீர்கள், தராசில் தொடங்குங்கள். இறந்தவரின் இதயத்தை ஒரு தட்டிலும், வாய்மைக்கும் ஒழுங்குக்கும் உரிய தேவி மாஅத்தின் இறகை மறுதட்டிலும் வைத்து அந்த நரித்தலைத் தெய்வமான அனுபிஸ் நிறுக்க, எழுத்துக்குரிய தெய்வமான தோத் குறித்துக்கொள்ள, இதயம் கனத்துவிட்டால் விழுங்குவதற்கு முதலைத்தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் காத்திருக்கும் என்பது எகிப்தியரின் நம்பிக்கை. இந்தக் காட்சியைத் தீட்டிய எகிப்திய ஓவியங்களில் இதயம் சிறு கலயம் போலவே இருக்கும்; உங்கள் ஊர்த் தென்னைகளில் கட்டிய கலயத்தைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடும். பதப்படுத்தும்போது மூளையை எடுத்துவிட்டு இதயத்தை உடலிலேயே விட்டுவைத்த காரணமும் இங்கேதான் விளங்கும், ஏனெனில் அறிவும் நினைவும் இதயத்தில் இருப்பதாகவே அவர்கள் கருதினார்கள்.

42 நீதித் தெய்வங்களின் முன் இறந்தவர் தாம் செய்யாத தவறுகளைச் சொல்லுவார். தராசில் ஏமாற்றவில்லை என்பதும் அவற்றுள் ஒன்று. சந்தைக்குப் போய்வரும் பிள்ளைகளிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

சித்திரகுப்தனைத் தோத்துக்கு ஒப்பிடலாம், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. நம்மவர் மறுபிறவி என்பார்கள். அவர்களோ நைல் கரையைப் போன்ற நாணல் வயலில் என்றும் உழுது அறுத்து வாழ விரும்பினார்கள். அந்த வயல்வேலைக்கும் பதிலாளாகச் சிறு பொம்மைகளைக் கல்லறையில் வைத்தார்கள் என்று சொன்னால், வகுப்பு மறுபடி சிரிக்கும், அப்போது சிரிக்கட்டும்.