பாக்கெட்டில் ஒரு பிளேயர்: மல்டி டூல் கேள்வி பதில்

ஓசூரில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிளேயர் (குறடு), கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒன்றாக மடித்து வைத்த சாமான்தான் மல்டி டூல். சட்டையை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பாலக்கோடு, தக்காளி விவசாயி): அண்ணா, இருபது அயிட்டம் இருக்கிற பெரிய டூல் வாங்கலாமா, சின்னது போதுமா?

தம்பி, போன வாரம் வேலை நடுவில் என்னென்ன சாமானைத் தேடி ஓடினீர்கள் என்று முதலில் எழுதிப் பாருங்கள். தக்காளிக்குக் கொம்பு நட்டுக் கம்பி இழுத்துக் கட்டுகிறவருக்கு வேண்டியது பிளேயரும் ஒரு கத்தியும்தான். மீன் செதில் சுரண்டி உங்களுக்கு எதற்கு? டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றியபோது, கையில் இருந்த பேனாக்கத்தியில் பிளேயர் இல்லையே என்று தவித்ததில் பிறந்த யோசனைதான் இது. விற்பனைக்கு வர 1983 ஆகிவிட்டது. அவருடைய கம்பெனியின் வேவ் மாடல் ஏறத்தாழ 240 கிராம். லுங்கி மடிப்பில் செருகினால் லுங்கியே இறங்கிவிடும். பெல்ட் உறையில்தான் மாட்ட வேண்டும். கனம் என்று வீட்டில் வைத்துவிட்டுப் போவீர்கள் என்றால் சின்னதே வாங்குங்கள். ஒரு விஷயம் மட்டும்: மெல்லிய கட்டுக்கம்பியை நறுக்கலாம், ஸ்பிரிங் கம்பியை நறுக்காதீர்கள். பிளேயரின் வெட்டும் விளிம்பு பல் பல்லாக உடைந்துவிடும்.

கேள்வி (தருமபுரி, பள்ளி ஆசிரியை): கைப்பையில் போட்டுக்கொள்ள எது நல்லது, ஐயா?

விக்டோரினாக்ஸ் கிளாசிக் என்ற சின்ன மடக்குக் கத்தி, டீச்சர். மடித்தால் 58 மில்லிமீட்டர், எடை 21 கிராம்தான். அதிலிருக்கும் கத்தரிக்கோலுக்காகவே வாங்கலாம். சாவிக்கொத்தில் மாட்டிவிடுங்கள்.

கேள்வி (ஓசூர், சிப்காட் ஊழியர்): ஸ்டெயின்லெஸ் என்று வாங்கினேன், காந்தம் ஒட்டுகிறது. போலியா?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை! காந்தம் ஒட்டத்தான் செய்யும். சமையல் பாத்திரத்து ஸ்டீலில் நிக்கல் சேர்ந்திருப்பதால் பெரும்பாலும் ஒட்டாது. கத்திக்குப் போடுவது சூடேற்றிக் கடினமாக்கக் கூடிய வேறு ரகம், அது காந்தத்துக்கு இழுக்கும். போலியைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நுனி சேராமல் வெளிச்சம் ஒழுகினால் தள்ளிவிடுங்கள். விரித்த கத்தியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் அதுவும் வேண்டாம்.

கேள்வி (கிருஷ்ணகிரி, மாந்தோப்பு): கத்திக்கு லாக் அவசியமா? மாங்காய்ப் பால் பட்டுக் கறை ஏறுகிறதே?

லாக் என்பது விரித்த கத்தி தானாக மடங்காமல் பிடித்து வைக்கும் பூட்டு. காம்பு சீவ மட்டும் என்றால் அது இல்லாமலே ஓடும். குத்தித் துளைக்கிற வேலை இருந்தால் லாக் கட்டாயம். ஒரு தடவை சொட்டுநீர்க் குழாயில் கத்தி முனையால் துளை போட்டேன், லாக் இல்லாத கத்தி. சடக்கென்று மடங்கி ஆள்காட்டி விரலில் மூன்று தையல். குழாய்க்குப் பஞ்ச் என்று தனி சாமானே இருக்கிறது, என் சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த கூலி அது. மாங்காய்ப் பாலை அன்றன்றே கழுவித் துடையுங்கள். மூட்டில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஓசூர் மார்கழிக் குளிரைச் சொல்லவே வேண்டாம். நாள்பட்டால் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

கேள்வி (பென்னாகரம்): கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வேலை பார்க்கலாமா, அண்ணே?

பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்றலாம், அதுவும் மெயினை இறக்கிய பிறகு. உள்ளே கை வைக்காதீர்கள். மல்டி டூலின் கைப்பிடி முழுக்க இரும்பு, மேலே உறை எதுவும் கிடையாது. மூன்று ஃபேஸ் என்றால் 415 வோல்ட். காப்பிட்ட பிடி போட்ட பிளேயரும் டெஸ்டரும் தனியாக வைத்திருங்கள். ஃபியூஸ் போய்விட்டது என்று மல்டி டூலால் பிடுங்குகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. அப்படிச் செய்பவரை நான் பார்த்தால் திட்டாமல் விட மாட்டேன்.

கேள்வி (சூளகிரி): என் மொபெட்டில் நட் கழற்ற உதவுமா?

உதவாது. பிளேயரால் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். அப்புறம் ஸ்பானரும் பிடிக்காது. பத்துக்குப் பன்னிரண்டு ஸ்பானர் ஒன்றை சீட்டுக்கடியில் போட்டு வையுங்கள்.

கேள்வி (ஓசூர்): பெங்களூரு ஏர்போர்ட்டுக்கு எடுத்துப் போகலாமா?

ஹேண்ட் லக்கேஜில் கூடாது, பிடுங்கிக்கொள்வார்கள். செக்-இன் பையில் போட்டுவிடுங்கள். ஹேண்ட் லக்கேஜில் வைத்து இரண்டை இழந்தவன் நான், அதில் ஒன்று மகன் வாங்கிக் கொடுத்தது. இன்னும் அவனிடம் சொல்லவில்லை.