சீக்கிரம் கரை சேர்ந்த எலிக்கு நல்ல ஞாபக சக்தி என்று சொல்லிவிடலாமா?

கேள்வி: எலியைத் தண்ணீர்த் தொட்டியில் நீந்த விட்டு ஞாபகத்தைச் சோதிக்கிறார்களாம். சீக்கிரம் மேடையைக் கண்டுபிடித்தால் ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தமா? அது நன்றாக நீந்தும் எலியாகவோ மோப்பம் பிடித்துப் போன எலியாகவோ இருக்கலாமே?

பதில்: இருக்கலாம், சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். நேரத்தை மட்டும் பார்த்து ஞாபகம் என்று முடிவு கட்டுவது எனக்கும் பிடிக்காத விஷயம்.

நீங்கள் சொல்வது நரம்பியல் விஞ்ஞானி ரிச்சர்டு மோரிஸ் 1981இல் வெளியிட்ட முறை, இன்று மோரிஸ் வாட்டர் மேஸ் என்கிறார்கள். வட்டமான பெரிய தொட்டி, கலங்கலாக்கிய தண்ணீர், அதற்குள் ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாமல், எலி ஏறி நிற்க ஒரு சிறு மேடை. எலியை ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஓரத்திலிருந்து விடுவார்கள், அதனால் 'இடப்பக்கம் திரும்பு' என்று பாதையை மனப்பாடம் செய்து பயனில்லை, அறையில் இருக்கிற கதவு, அலமாரி, சுவரில் ஒட்டிய படம் இவற்றை வைத்துத்தான் மேடை எங்கே என்று கணக்குப் போட வேண்டும்.

சில நாள் பயிற்சிக்கு அப்புறம் மேடையை எடுத்துவிட்டு எலியை விடுவார்கள். முகர்வதற்கு மேடையே இல்லை. 60 விநாடி விட்டால், சும்மா சுற்றுகிற எலி, தொட்டியை நான்காகப் பிரித்தால் மேடை இருந்த கால் பகுதியில் சராசரியாக 15 விநாடிதான் இருக்கும். அதைவிட நன்றாகக் கூடுதலாக அங்கேயே வளைய வந்தால், அது இடத்தை நினைவில் வைத்துத்தான் தேடுகிறது. என்னைக் கேட்டால் மொத்தச் சோதனையிலும் நம்பத்தக்க பகுதி இதுதான்.

மேடையைத் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி வைத்தும் ஒருமுறை பார்க்க வேண்டும், அதற்கே தடுமாறினால் குறை கண்ணிலோ கைகாலிலோ இருக்கலாம், ஞாபகத்தைக் குறை சொல்ல முடியாது. (வெள்ளை நிற ஆய்வக எலிகளுக்குப் பார்வை மங்கல், இதை மறந்துவிடக் கூடாது.) மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சேதமான எலிகளை வைத்து மோரிஸ் குழு 1982இல் காட்டியதும் இந்த வேறுபாட்டைத்தான்: தெரிகிற மேடைக்கு அவை நேராகப் போய்விட்டன, மறைந்த மேடையைத்தான் பிடிக்க முடியவில்லை. நீந்தும் வேகத்தையும் தனியாக அளக்க வேண்டும்.

கேள்வி: எலிக்குக் கஷ்டமாக இருக்காதா?

பதில்: இருக்கும். எலி இயல்பாகவே நீந்தும், ஆனாலும் பயமும் குளிரும் அதற்கு உண்டு. தண்ணீர் ரொம்பக் குளிர்ந்தால் அது சோர்ந்து மெதுவாக நீந்தும், நாம் அதை மறதி என்று எழுதிவைப்போம். அதனால் ஒவ்வொரு முறையும் துண்டால் துடைத்து, உடம்பு சூடேறிய பிறகே அடுத்த முறை இறக்க வேண்டும்.