பல ஆய்வுக்குழுக்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பொது ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பும் முன்: வாசகர் கேள்விகள்

கே: பினாங்கிலிருந்து கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்துக்கு ஆர்.என்.ஏ அனுப்ப வேண்டும். சாதாரணப் பனிக்கட்டி போதுமா?

ப: போதாது. மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ-வைச் சிதைக்கும் நொதிகள் நம் விரல் நுனியிலேயே இருக்கின்றன. சூடு ஏற ஏற அவற்றின் வேலை விரைவாகும். மைனஸ் 78 பாகை செல்சியஸில் இருக்கும் உலர் பனிக்கட்டியைத் தடித்த பாலிஸ்டைரின் பெட்டியில் தாராளமாக நிரப்புங்கள். அது உருகாமல் வாயுவாகவே மாறுவதால், மூடியை இறுக்கி ஒட்டாமல் வாயு வெளியேற வழி விடுங்கள். ஒருமுறை தீபாவளிக்கு முந்தைய நாள் நான் அனுப்பிய பெட்டி, விடுமுறை முடிந்தே பிரிக்கப்பட்டது. உள்ளே பனிக்கட்டியின் சுவடே இல்லை; குழாய்களின் மேல் எழுதியிருந்த மை கரைந்து ஓடியிருந்தது. ஆர்.என்.ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்பதைப் பத்துக்கு அளவிடும் ரின் மதிப்பு, 7-க்கு மேல் கேட்ட இடத்தில் 3 ஆக இறங்கியிருந்தது. அன்றிலிருந்து திங்கள், செவ்வாய் தவிர வேறு நாளில் நான் அனுப்புவதில்லை.

கே: ஓர் எலியின் கல்லீரலை மூன்று துண்டாக்கினால் மூன்று மாதிரிகள் ஆகுமா?

ப: ஆகாது. அது ஓர் எலியை மூன்று முறை அளப்பதே. ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது மூன்று தனித்தனி எலிகள் வேண்டும். ஆறு இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். மருந்து கொடுத்தவற்றைத் திங்களன்றும் கொடுக்காதவற்றை வியாழனன்றும் பிரித்தெடுத்தால், தெரியும் வேறுபாடு மருந்தினாலா கிழமையினாலா என்று எந்தப் புள்ளியியல் வல்லுநராலும் சொல்ல முடியாது. ஆகவே இரு பிரிவையும் ஒவ்வொரு நாளும் கலந்தே செய்யுங்கள். ஆய்வுக்கூடத்தினரை மாதிரி எடுத்த பிறகு அல்ல, எடுக்கும் முன்பே சந்திக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கே: பத்து மரபணுக்களை மட்டும் பார்க்க, எல்லா மரபணுக்களின் ஆர்.என்.ஏ-வையும் படிக்கும் முழு வரிசைப்படுத்தல் தேவையா?

ப: தேவையில்லை; தேர்ந்தெடுத்த சில மரபணுக்களின் அளவை மட்டும் அளக்கும் கியூ.பி.சி.ஆர் போதும்.

கே: கியூ.பி.சி.ஆரில் மற்றவற்றை ஒப்பிட்டு அளக்க, அளவு மாறாத ஒப்பீட்டு மரபணுவாக ஜி.ஏ.பி.டி.எச் ஒன்றே போதுமென்கிறார் என் மேற்பார்வையாளர்.

ப: அவரிடம் பணிவாக மறுத்துப் பேசுங்கள். அது சர்க்கரையைச் சிதைக்கும் பாதையில் வரும் ஒரு நொதிக்கான மரபணு; ஆக்சிஜன் குறைந்த கட்டித் திசுவில் அதன் அளவே உயர்ந்துவிடும். நீளம் மாறும் அளவுகோலால் துணி அளப்பது போன்றது அது. கியூ.பி.சி.ஆர் ஆய்வுகளுக்காக 2009-இல் வெளிவந்த மைக்கி நெறிமுறைகளும், ஒப்பீட்டு மரபணு உங்கள் மாதிரியில் நிலையாக இருப்பதைக் காட்டச் சொல்கின்றன. மூன்று நான்கு மரபணுக்களைச் சோதித்து, அசையாத இரண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மெழுகில் பதித்த பழைய திசுக்களின் ரின் 2 தான். தூக்கி எறியலாமா?

ப: வேண்டாம். அவற்றுக்கு ரின் சரியான அளவை அன்று. 200 நியூக்ளியோடைடுக்கு (ஆர்.என்.ஏ இழையின் அலகு) மேல் நீளமுள்ள துண்டுகளின் விழுக்காட்டைக் கேளுங்கள். துண்டுபட்ட ஆர்.என்.ஏ-வை அதன் ஒரு முனையிலுள்ள பாலி-ஏ வாலைப் பிடித்து இழுத்தால் வால்பகுதி மட்டுமே வரும் என்பதால், மாதிரியில் பெரும்பகுதியாக இருக்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ-வை நீக்கும் முறையைக் கேட்டு வாங்குங்கள்.