பழத்தோட்டப் பாசனமும் செயற்கைக்கோள் தரவும்: மகளை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா?

செடிகொடியும் பிடிக்கும், கணினியும் பிடிக்கும் என்கிற மகளுக்கு இந்தத் துறை சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் செயற்கைக்கோள் படத்திலிருந்து வண்ண வரைபடம் எடுத்துக் கொடுப்பதோடு நிற்பவர்களுக்கு இல்லை. அந்த வேலையை மென்பொருளே செய்துவிடுகிறது. தோட்டக்காரர் கேட்பது ஒன்றுதான்: இந்த வாரம் வால்வை எத்தனை மணி நேரம் திறக்கட்டும்?

அந்தக் கணக்கு இப்படிப் போகும். வெயில், வெப்பம், ஈரப்பதம், காற்று நான்கையும் பென்மன்-மாண்டீத் சமன்பாட்டில் போட்டால், நீர்க் குறையில்லாத புல்வெளி ஒரு நாளில் இழக்கும் நீர் கிடைக்கும். அது 6 மி.மீ. என்று வைப்போம். புல்வெளி இழப்பதில் எத்தனை பங்கு நீரைத் தோட்டம் இழக்கும் என்று சொல்லும் எண் பயிர்க் குணகம். செயற்கைக்கோள் படத்திலிருந்து மதிப்பிட்ட அந்தக் குணகம் 0.7 என்றால் தோட்டத்தின் தேவை 4.2 மி.மீ. ஒரு எக்டேரில் 1 மி.மீ. என்பது 10,000 லிட்டர். ஆக 42,000 லிட்டர். 5 மீட்டர் இடைவெளியில் 400 மரம் இருந்தால் மரத்துக்கு 105 லிட்டர். சொட்டுநீர் அமைப்பின் திறன் 90 சதவீதம் என்றால் 117 லிட்டர் விட வேண்டும். மணிக்கு 8 லிட்டர் சொட்டுவான் மரத்துக்கு நான்கு இருந்தால், மழையில்லாத நாளில் சுமார் 3 மணி 40 நிமிடம்.

சிக்கலெல்லாம் அந்த 0.7-ல்தான் இருக்கிறது. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படத்தின் ஒரு பிக்சல் (படப்புள்ளி) 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதற்குள் நான்கு மரம், நடுவே வெறும் மண், மழைக்குப் பின் முளைத்த களை எல்லாம் அடங்கும். இளந்தோட்டத்தில் களையின் பச்சையை மரத்தின் கணக்கில் எழுதிவிட்டால் தண்ணீர் வீணாகும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. மரம் தாகத்தில் இருந்தாலும் இலை சில நாள் பச்சையாகவே இருக்கும், படத்திலிருந்து பச்சையை அளக்கும் குறியீடான என்.டி.வி.ஐ. அசையாது. தாகத்தைக் காட்டுவது வெப்பப் படம். இலைத்துளை மூடியதும் இலை சூடாகிறது. அமெரிக்கச் செயற்கைக்கோள்களான லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை அந்தப் படத்தைத் தருகின்றன. ஆனால் வெப்பப் பட்டையின் உண்மையான நுணுக்கம் 100 மீட்டர்தான் என்பதால், சிறு தோட்டமென்றால் பக்கத்துத் தரிசின் சூடும் கலந்துவிடும். மேகம் வந்தால் எட்டு நாள் பதினாறாகும்.

தரவிலும் பொறி உண்டு. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படத்தின் பிக்சல் எண்களில் 1000 கூட்டப்பட்டே வருகிறது. அதைக் கழிக்காமல் கணக்கிட்டால் 0.71 வரவேண்டிய என்.டி.வி.ஐ. 0.45 என்று வரும். செழித்த தோட்டம் காய்ந்ததாகத் தெரியும். பழைய படங்களோடு புதியதை ஒப்பிடும் மாணவர்கள் இதில் எளிதாக விழுவார்கள்.

பருவநிலை மாற்றம்தான் இந்த வேலைக்குத் தேவையைக் கூட்டுகிறது. பயிர்க் குணக அட்டவணைகள் நாட்காட்டியை நம்பி இருப்பவை. குளிர்காலம் மாறினால் இலையுதிர் மரங்கள் துளிர்க்கும் நாளும் நகர்ந்துவிடும். வெப்பம் கூடக்கூட காற்று மரத்திலிருந்து இழுக்கும் நீரும் கூடும். பழைய சராசரியை வைத்து வால்வு திறக்க முடியாது. அந்தந்த ஆண்டு பார்த்தே சொல்லியாக வேண்டும்.

படிப்பு என்று வந்தால், வேளாண் பொறியியல், தோட்டக்கலை, நீர்வளப் பொறியியல் இவற்றில் ஒன்றை அடிப்படையாக எடுத்து, அதன்மேல் தொலையுணர்வை, அதாவது செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு நிலத்தை அளக்கும் முறையை, கற்பதே என் பரிந்துரை. கணினி மட்டும் படித்துவிட்டு மரத்தின் உடலியலைப் பிற்பாடு பிடிப்பது கடினம். நிரல்மொழியான பைத்தான், வரைபட மென்பொருளான கியூ.ஜி.ஐ.எஸ். இரண்டும் இலவசம், செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் என்ஜினையும் கற்பதற்குக் காசில்லாமல் பயன்படுத்தலாம். சொட்டுநீர் நிறுவனங்கள், பெருந்தோட்டங்கள், நீர்வளத் துறைகள், ஆராய்ச்சி நிலையங்கள் ஆகியவை வேலைக்கு முயல வேண்டிய இடங்கள்.

சேர்க்கைக்கு முன் பாடத்திட்டத்தில் தாவர உடலியலும் களப் பயிற்சியும் இருக்கிறதா என்று பாருங்கள். இறுதியாண்டுத் திட்டத்துக்கு, தண்ணீர் மீட்டர் பொருத்திய ஒரு தோட்டத்தை மகள் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பருவம் முழுக்கத் தன் கணிப்பை மீட்டரோடும் மண் ஈர உணரியோடும் ஒப்பிட்டு, எந்த வாரம் ஏன் பிசகியது என்று எழுதட்டும். நேர்காணலில் நான் முதலில் புரட்டிப் பார்க்கச் சொல்வது அந்தப் பக்கங்களைத்தான். உச்சி வெயிலில் இலையைப் பறித்து அழுத்தக் கலனில் வைத்து மரத்தின் தாகத்தை அளக்கும் வேலையும் இதில் உண்டு. அதற்கு மனசு இருக்கிறதா என்று அவளிடமே கேட்டுவிடுங்கள்.