துன்புறுத்தல் இருந்த நாட்டைவிட்டு மிஷனரிகள் ஏன் வெளியேறவில்லை? பர்மாவில் அதோனிராம் ஜட்சன்

அமெரிக்கரான ஜட்சன் 1813இல் ரங்கூனில் இறங்கினார். அவரிடம் முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819இல்தான். மதம் மாறும் பர்மியருக்குத் தண்டனை கிடைக்கும் என்ற அச்சம் நிலவியதால், 1820இல் புதிய அரசர் பாஜிடோவிடம் சமயச் சகிப்பு வேண்டி அவர் மனு அளித்தார். அரசரோ அவர் தந்த துண்டுப் பிரசுரத்தில் சில வரிகளைப் படித்துவிட்டுத் தரையில் போட்டார். ஜட்சன் ரங்கூனை விட்டுப் போக நினைத்தபோது, எட்டுப் பத்துப் பேராவது சேரும்வரை இருங்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள் அதற்குள் மதம் மாறியிருந்த சில பர்மிய விசுவாசிகளே. என் பார்வையில், மிஷனரிகள் ஏன் வெளியேறவில்லை என்ற கேள்விக்கான விடை பெரிதும் இங்கேதான் இருக்கிறது.

1824இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டதும், ஒற்றர் என்ற ஐயத்தில் அவரை அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறையிலிட்டார்கள் (ஆகவே இதை முழுக்க மதத் துன்புறுத்தல் என்பது சரியாகாது). இரவில் கைதிகளின் விலங்கிட்ட கால்களை மூங்கில் கழியில் கோத்து, தோள்கள் மட்டும் தரையில் படும்படி மேலே தூக்கிவிடுவார்கள். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப்படியை மனைவி ஆன், யாரும் ஆசைப்படாத கரடுமுரடான தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். பின்னர் ஜட்சனை வேறிடத்துக்குக் கொண்டுசென்றபோது காவலர்கள் அதன் மேலுறையை உரித்துக்கொண்டு பஞ்சை எறிந்துவிட, உள்ளிருப்பது தெரியாமலேயே பர்மிய விசுவாசி ஒருவர் அதை நினைவுப்பொருளாக எடுத்து வைத்திருந்தார். ஆன் 1826இல் இறந்தார். பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை ஜட்சன் 1834இல் முடித்தார்.