குழாயில் காரீயம் இருக்கிறதா? – கேள்வி பதில்

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் சங்க உறுப்பினர் இந்த முறை பதில் சொல்கிறார். பெயர் போட வேண்டாம் என்பது அவர் விருப்பம். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார். நாங்கள் தவிர்க்கவில்லை.

சிம்மக்கல்: அமெரிக்காவில் காரீயக் குழாய்களைத் தோண்டி எடுத்து மாற்றுகிறார்களாம். மதுரையிலும் அப்படிக் குழாய்கள் புதைந்து கிடக்கின்றனவா ஐயா?

அங்கே தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புக் குழாயே காரீயம். வளைக்க எளிது, சீக்கிரம் கெடாது என்று போட்டார்கள். புதிதாகப் போடுவதை 1986இல் தடை செய்தார்கள். போட்டது மண்ணுக்குள் கிடந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க வேறு ஆற்று நீருக்கு மாறியது. அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைக் கலக்காமல் விட்டார்கள். குழாயின் உட்புறம் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த படலம் கரைந்து, காரீயம் தண்ணீரில் இறங்கியது. குழாய் பழையதுதான், தண்ணீர் மாறியதே வினையாயிற்று. பெரும்பாலான ஊர்கள் பத்து ஆண்டுகளுக்குள் காரீயக் குழாய்களை மாற்றிவிட வேண்டும் என்று 2024 அக்டோபரில் அங்கே விதி வெளியிட்டார்கள்.

நம் பக்கத்து வீட்டு இணைப்புகள் பெரும்பாலும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு), அதற்குப் பிறகு பிவிசி. காரீயம் இங்கே வேறு வேடத்தில் வருகிறது. பழைய வார்ப்பிரும்புக் குழாய்களைச் சணல் திணித்துக் காரீயத்தை உருக்கி ஊற்றி இணைப்பார்கள். ஜிஐ மரைகளில் சணலைச் சுற்றி ஒயிட் லெட் பூசி முடுக்குவார்கள். அந்தப் பசை காரீய உப்பு. ஜிஐ குழாயின் துத்தநாகப் பூச்சிலும் சிறிதளவு காரீயம் கலந்திருப்பது வழக்கம். மலிவான பிவிசியில் காரீயம் உண்டு. கடைசலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று பித்தளைக் குழாய்முனைகளில் நூற்றுக்கு 2, 3 பங்கு காரீயம் சேர்ப்பார்கள். ஆகவே தெருவைத் தோண்டச் சொல்வதற்கு முன் உங்கள் வீட்டின் கடைசிப் பத்து அடியைப் பாருங்கள்.

வடக்கு மாசி வீதி: தாத்தா காலத்து வீடு. முற்றத்துச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டுக் குழாய் தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் சாவியால் லேசாகச் சுரண்டுங்கள். மெத்தென்று கீறி, உள்ளே வெள்ளிபோல் பளபளத்தால் காரீயமாக இருக்க வாய்ப்பு அதிகம். இணைப்பில் மரை இல்லாமல் வெங்காயம் போல் புடைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ரம்பத்தால் நடுவில் அறுக்காதீர்கள். இரண்டு முனை வரை தேடி முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த துண்டைத் தூண்டில் குண்டு செய்கிறேன் என்று அடுப்படியில் யாரும் உருக்க வேண்டாம். கையைக் கழுவுங்கள்.

ஆனையூர்: எங்கள் வீட்டில் டிடிஎஸ் 120தான் காட்டுகிறது. பயம் இல்லைதானே?

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, உப்பின் மொத்தக் கணக்கைச் சொல்லும். காரீயத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதில் தளர்வும் கிடையாது. உங்கள் மீட்டரில் ஓர் எண் மாறவே லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வேண்டும். லாரி எடை மேடையில் மூக்குத்தியை நிறுப்பதுபோல்தான்.

திருநகர்: புதுவீடு கட்டுகிறோம். எந்தக் குழாய் வாங்குவது?

பிவிசி தயாரிக்கும்போது சூட்டில் சிதையாமல் இருக்க ஒரு நிலைப்படுத்தி சேர்க்க வேண்டும். மலிவானது காரீய உப்பு. கால்சியம், துத்தநாகம் சேர்ந்த கலவையும் இருக்கிறது, விலை கூடுதல். இந்த விஷயத்தில் மத்திய அரசு 2021இல் தனி விதியே கொண்டுவந்தது. ஆகவே குடிநீருக்கான ஐஎஸ் 4985 முத்திரையும் காரீயம் இல்லை என்ற குறிப்பும் குழாயின் மேலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மின்கம்பி இழுக்கும் குழாயையும் சாக்கடைக் குழாயையும் குடிநீருக்குப் போட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மேஸ்திரி மிச்சம் பிடித்த காசு. நிலத்தடிக்கு எச்டிபிஇ (பாலித்தீன் குழாய்) நல்லது, அதற்கு இந்த நிலைப்படுத்தியே தேவையில்லை. மரைகளுக்கு டெஃப்லான் டேப் போதும். பிளம்பர் ஒயிட் லெட் டப்பாவைத் திறந்தால் மூடச் சொல்லுங்கள்.

செல்லூர்: கொதிக்க வைத்தால் போய்விடாதா?

போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் காரீயம் செறியும்.

அவனியாபுரம்: ஆர்ஓ வைத்திருக்கிறோம். இனிக் கவலை இல்லைதானே?

ஆர்ஓ காரீயத்தை நன்றாகவே பிடிக்கும். கேண்டில் வடிகட்டியும் புற ஊதா விளக்கும் பிடிக்காது. ஆனால் ஆர்ஓ தண்ணீரில் தாது குறைவு, சற்றே அமிலத்தன்மை வேறு. உலோகத்தைக் கரைக்கும் பசி அதற்கு உண்டு. அந்த நீரை மறுபடி பித்தளைக் குழாய் வழியாக விட்டால் செய்த வேலை வீண். கருவியிலிருந்து நேராகப் பாத்திரத்தில் பிடியுங்கள்.

பழங்காநத்தம்: எங்கள் வீட்டு டிடிஎஸ் 85. நல்ல தண்ணீர்தானே?

ஆனையூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கோரிப்பாளையம்: பரிசோதனைக்குத் தண்ணீரை எப்படி எடுப்பது?

நல்ல கேள்வி. பலர் குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான நீரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். காரீயம் அந்த ஐந்து நிமிடத்தில் சாக்கடைக்குப் போயிருக்கும். இரவு ஆறு மணி நேரமாவது யாரும் குழாயைத் தொடக் கூடாது. காலையில் முதலில் வரும் ஒரு லிட்டரை அப்படியே ஒரு புட்டியில் பிடியுங்கள். பிறகு ஐந்து நிமிடம் ஓடவிட்டு (வாளியில் பிடித்துத் துணி துவையுங்கள்) இரண்டாவது புட்டி. முதல் புட்டியில் அதிகம், இரண்டாவதில் இல்லை என்றால் குற்றவாளி உங்கள் குழாய்முனையும் அதை ஒட்டிய இணைப்புகளும். இரண்டிலும் இருந்தால் மேல்தொட்டிக் குழாய், சம்ப், தெரு இணைப்பு என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் உண்டு. காரீயம் பார்ப்பார்களா என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். தனியார் கூடம் என்றால், பரிசோதனைக் கூடங்களுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம், அதுவும் காரீயத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு: இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. விட்டு விட்டு வரும்போது அழுத்தம் மாறி, குழாயில் படிந்த துருவும் செதிலும் உதிரும். காரீயம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். தண்ணீர் விடும் நாளில் முதல் குடம் குடிப்பதற்கு இல்லை.

உசிலம்பட்டி: ஆழ்துளைக் கிணற்று நீரில் பிள்ளைகளின் பல் பழுப்பாகிறது. காரீயமா?

ஃப்ளோரைடாக இருக்கலாம். அதைத் தனியாகப் பரிசோதியுங்கள். பல் மருத்துவரையும் பாருங்கள்.

திருமங்கலம்: என் மகன் படிப்பில் கவனம் இல்லாமல் இருக்கிறான். காரீயம்தான் காரணமா?

அம்மா, அதைத் தண்ணீர்க்காரன் சொல்லக் கூடாது. குழந்தை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது இதுதான்: வயிற்றுக்குள் போகும் காரீயத்தைச் சிறு குழந்தைகள் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால்பொடி கரைத்துக் கொடுக்கும் வீடுகளில்தான் கவனம் அதிகம் வேண்டும்; அந்தக் குழந்தைக்குத் தண்ணீரே உணவு. முதல் குடம் வேண்டாம் என்பதை மறக்காதீர்கள்.

தெற்குவாசல்: என் மாமியார் ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறார். குழாயை மாற்றி என்ன பயன்?

இதைக் கேட்க யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. வெள்ளீயம் வேறு உலோகம், அதனால் தீங்கில்லை. ஆனால் காரீயம் அதைவிட மிக மலிவு. கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. புளியும் தக்காளியும் சேர்ந்த கொதிநீர், காரீயத்தைக் கரைக்க வேறு எதுவும் தேவையில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சொம்பை நிறுங்கள். விளிம்பு வரை நீர் நிரம்பிய பாத்திரத்தில், காற்று தங்காமல் முழுவதுமாக முக்கி, வழிந்த நீரை அளவுக்குவளையில் பிடியுங்கள். கிராமை மில்லிலிட்டரால் வகுங்கள். சுத்த வெள்ளீயம் 7.3 காட்டும். காரீயம் 11.3. நூற்றுக்கு முப்பது பங்கு கலந்திருந்தால் 8.2 வரும். ஐந்து பங்கு கலப்பு 7.4 என்றுதான் காட்டும், அதை வீட்டு அளவில் பிடிக்க முடியாது. அதாவது இந்தச் சோதனை சொம்பைக் குற்றவாளி என்று சொல்லலாம். நிரபராதி என்று சொல்லாது.

வெண்கலக்கடைத் தெரு வியாபாரி: நாங்கள் சுத்த வெள்ளீயம்தான் விற்கிறோம். இப்படி எழுதினால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது?

நல்ல சரக்கை வைத்திருப்பவருக்கு நான் எதிரி இல்லை. உலோகப் பரிசோதனைச் சான்றைக் கடையில் மாட்டுங்கள், ரசீதில் "காரீயம் கலக்காதது" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். உங்கள் வியாபாரம் இரண்டு மடங்காகும்.

அலங்காநல்லூர்: அளந்துவிட்டேன். 640 கிராம், 79 மில்லி.

8.1. காரீயம் மட்டும் கலந்திருந்தால் கால் பங்குக்கு மேல். அதில் சமைக்காதீர்கள், யாருக்கும் விற்கவும் செய்யாதீர்கள்.

மேலூர்: மூன்று தலைமுறையாக அதில்தான் ரசம். என் பாட்டிக்குத் தொண்ணூறு வயது. என்ன ஆகிவிட்டது?

பாட்டியின் சொம்பு சுத்தமானதாக இருந்திருக்கலாம். இன்று சந்தையில் வாங்கியதும் அதுவும் ஒன்று என்று யார் சொன்னது? மேலும், காரீயம் ஆளைச் சாய்த்துவிட்டுப் போகும் நஞ்சு மட்டும் இல்லை. பிள்ளையின் அறிவில் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போகும். அது எந்தக் கணக்கிலும் வராது.

மேலூர் (மீண்டும்): வெளிநாட்டு விஞ்ஞானத்தை நம்பி நம் பாரம்பரியத்தைப் பழிக்கிறீர்கள்.

காரீயம் கலந்து விற்பது எந்த ஊர்ப் பாரம்பரியம் தம்பி? சொம்பை நிறுத்துவிட்டு எண்ணோடு வாருங்கள், பேசலாம்.

விளாச்சேரி: பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறார்களே, அதுவும்...

அதுவும் வெள்ளீயமாக இருக்க வேண்டும். ரசம், சொம்பு, பாட்டி பற்றிய கேள்விகளை இத்துடன் நிறுத்துகிறேன்.

நாராயணபுரம்: டிடிஎஸ் 60...

அடுத்தவர்.

கே.கே. நகர்: எங்கள் அடுக்குமாடி பழையது, ஜிஐ குழாய்கள். முதல் புட்டியிலும் இரண்டாவதிலும் காரீயம் வரம்புக்கு மேல். பொதுக் குழாயை மட்டும் மாற்றிவிட்டு, வீட்டுக்குள் இருப்பதை அவரவர் வசதிப்படி மாற்றலாம் என்கிறது சங்கம். சரியா?

சரியில்லை. பாதி மாற்றுவது பல சமயம் மாற்றாமல் விடுவதைவிட மோசம். ரம்பமும் ரெஞ்சும் ஆட்டும் ஆட்டத்தில் பழைய பகுதியின் செதில் உதிர்ந்து நேராகக் குவளைக்கு வரும். காரீயக் குழாயோடு செம்பைச் சேர்த்தால், இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகமாகும். அமெரிக்காவில் தெருப் பகுதியை மட்டும் மாற்றிவிட்டு, வீட்டுப் பகுதியை உரிமையாளர் தலையில் கட்டிய ஊர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. நியூவார்க் நகரம் வீட்டுக்காரரிடம் காசு வாங்காமல், தெருத் தெருவாக, ஏறத்தாழ 23,000 இணைப்புகளை மூன்று ஆண்டுகளுக்குள் முழுதாக மாற்றியது. காசு கேட்டிருந்தால் வாடகை வீடுகள் கடைசி வரை மாறியிருக்காது. உங்கள் மாடியிலும் அப்படித்தான் ஆகும்: வாடகைக்கு விட்டவர் கையெழுத்துப் போட மாட்டார், குடியிருப்பவரின் குழந்தை அந்தத் தண்ணீரைக் குடிக்கும்.

சங்க நிதியிலிருந்து சம்ப் முதல் சமையலறைக் குழாய்முனை வரை ஒரே ஒப்பந்தமாகப் போடுங்கள். நிதி போதாவிட்டால் எல்லா வீட்டிலும் குடிநீர்க் குழாயை மட்டும் முழுதாக மாற்றுங்கள். குளியலறை பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் ஆர்ஓ நீரோ கேன் தண்ணீரோ. வேலை முடிந்ததும் ஒவ்வொரு குழாய்முனையின் வலையையும் கழற்றிக் கழுவுங்கள், துகள் அங்கேதான் தங்கும். மறுநாளே பரிசோதிக்க ஓடாதீர்கள். சில வாரம் புழங்கவிட்டு, மேல்மாடியில் ஒரு வீடு, கீழே ஒரு வீடு என்று இரண்டு புட்டி முறைப்படி எடுத்து, முடிவைப் பழைய அறிக்கையோடு சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.