குழந்தையை ஏதோ பூச்சி கடித்திருக்கிறது. என்ன பூச்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன செய்வது?

மகனுக்கு மூன்று வயது, காலையில் எழுந்தபோது முழங்கைக்குக் கீழே சிவந்து தடித்திருந்தது, நடுவில் ஒரு புள்ளி, சொறிந்துகொண்டே இருக்கிறான், மற்றபடி விளையாடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பதறாதீர்கள். சொறிந்துகொண்டே ஓடியாடுகிற பிள்ளையைக் கடித்தது பெரும்பாலும் கொசு, எறும்பு, மூட்டைப்பூச்சி இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒற்றி, காலமைன் லோஷன் தடவுங்கள். அவன் நகத்தை இன்றே ஒட்ட வெட்டிவிடுங்கள், கடித்த இடம் சீழ் வைப்பது பெரும்பாலும் சொறிவதால்தான். அரிப்பில் தூக்கமே இல்லை என்றால் செட்டிரிசின் சிரப் கொடுக்கலாம். எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். பிஞ்சுத் தோல் வெந்துபோகும்.

எங்கள் பக்கம் என்ன கடித்தது என்று தெரியாவிட்டால் ‘காணாக்கடி’ என்பார்கள். தடிப்பை மட்டும் பார்த்து இன்ன பூச்சி என்று சொல்வது மருத்துவர்களுக்கே கடினம். எங்கே இருந்தான், எப்போது கடித்தது என்பதை வைத்துத்தான் ஊகிக்க முடியும். படுக்கையில் கிடந்த பக்கமாக வரிசையாக மூன்று நான்கு தடிப்பு என்றால் மெத்தையின் தையல் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள், மூட்டைப்பூச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும். மழைக்காலத்தில் ராத்திரி டியூப் லைட்டுக்கு வரும் ஆரஞ்சும் கறுப்புமான சின்ன வண்டு ஒன்று உண்டு, ஆசிட் பூச்சி என்பார்கள். அது கடிப்பதில்லை. உடம்பில் வைத்து நசுக்கினால் அதன் நீர் பட்டு, அடுத்த நாளோ அதற்கும் பிறகோ சூடு போட்ட மாதிரி கோடாகக் கொப்புளிக்கும். முழங்கை மடிப்பில் என்றால் மேலும் கீழும் அச்சு எடுத்ததுபோல் இரண்டு பக்கமும் வரும். மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். நகத்தாலோ விரலாலோ எப்படியாவது உடனே எடுத்துவிடுங்கள், தாமதிக்கத் தாமதிக்க விஷம் இறங்கும். குளவி கொடுக்கை விட்டுப் போகாது, ஆனால் திரும்பத் திரும்பக் கொட்டும். கை வீங்கும் முன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். எது கடித்திருந்தாலும் சரி: உதடு, முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பெல்லாம் தடித்து வாந்தி எடுத்தால், துவண்டு விழுந்தால், வீட்டில் எதுவும் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். அட்ரினலின் ஊசி போட வேண்டிய நிலை அது. தேள் கொட்டிய குழந்தைக்கு வேர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டால் இதயத்தைப் பாதிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மகாராஷ்டிராவின் மகாடில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிரசோசின் என்ற ரத்த அழுத்த மருந்து இதில் உயிர் காக்கும் என்று காட்டினார். மந்திரிக்கக் கூட்டிப் போய் வீணாக்கும் நேரத்தில் மருத்துவமனையில் அந்த மருந்து உள்ளே போய்விட வேண்டும்.

இவையெல்லாம் வலிக்கிற, அரிக்கிற கடிகள். பிள்ளையே அழுது காட்டிக்கொடுத்துவிடும். நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தது வலிக்காத ஒரு கடிக்காக.

என் மகளுக்கு அப்போது நாலரை வயது. கார்த்திகை தீபத்துக்கு ஆரணிப் பக்கம் என் கணவரின் ஊருக்குப் போய் நான்கு நாள் இருந்தோம். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் புதர் மண்டிய கொல்லை. பகல் முழுக்க அங்கேதான் கிடந்தாள். தாம்பரம் திரும்பி ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், 103. வைரல் ஃபீவர் என்று முதலில் பாராசிட்டமால் கொடுத்தார்கள். குறையவில்லை. டெங்குப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. ஆனால் தட்டணுக்கள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தன. ஆறு நாள் ஓடிவிட்டது. அந்த ஆறு நாளில் அவள் கையைத் தூக்கிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை, தினமும் உடம்பைத் துடைத்துவிட்ட நான் உட்பட.

பேத்திக்கு முடியவில்லை என்றதும் பஸ் ஏறி வந்த என் அத்தைதான், ஈரத்துணியால் துடைக்கும்போது இடது அக்குளைக் காட்டினார். “இன்னாம்மா இது, ஊதுவத்தி சுட்டுடுச்சா?”

மிளகு அளவில் ஒரு கருத்த பொருக்கு. அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். தொட்டுப் பார்த்தேன், அவள் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை.

அன்று மாலை குழந்தைகள் மருத்துவரிடம் அதைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஊருக்குப் போனீங்களா?” ஸ்க்ரப் டைஃபஸ், நம் வழக்கில் உண்ணிக் காய்ச்சல். மாட்டிலும் நாயிலும் தொங்கும் பெரிய உண்ணி அல்ல இது. புதரிலும் உயர்ந்த புல்லிலும் இருக்கும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. கால் மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்குத் தட்டுப்படாது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் உடை இறுக்கும் இடம், காதுக்குப் பின்புறம் என்று மடிப்பாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். வலிக்காமல் இரண்டு மூன்று நாள் உறிஞ்சிவிட்டு விழுந்துவிடும். அதற்குள் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடம்புக்குள் இறங்கியிருக்கும். பெயரிலுள்ள ‘முஷி’ ஜப்பானிய மொழியில் பூச்சி. காய்ச்சல் வருவது பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத்தான், அதற்குள் கடித்ததையே யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை அவர் காத்திருக்கவில்லை. அன்றே அஸித்ரோமைசின் தொடங்கினார். அடுத்த நாள் இரவே உடம்பு வேர்த்துக் காய்ச்சல் விட்டது. டாக்ஸிசைக்ளினும் இதற்குக் கேட்கும், குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். இவ்வளவு சாதாரண மருந்தில் தீர்கிற நோயை விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நோய் முற்றிய பெரியவர்களிடம் நடத்தி 2023ல் வெளியான ஆய்வில், இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றியது ஒன்றை மட்டும் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தது. அந்த அளவுக்கு முற்ற விடாமல் இருப்பது, அக்குளைத் தூக்கிப் பார்க்கிற நம் கையில் இருக்கிறது. எல்லாருக்கும் இந்தக் கருத்த பொருக்கு வராது. ஆனால் வந்திருந்தால் அதைவிடத் தெளிவான அடையாளம் வேறு இல்லை.

வலிக்காத இன்னொரு கடியையும் சொல்லாமல் விட முடியாது. தரையில் பாய் போட்டுப் படுத்த குழந்தை நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ வயிற்று வலி என்று எழுந்தால், கண் இமை சொருகினால், விழுங்கத் திணறினால், கட்டுவிரியனாக இருக்கலாம். பல் பட்ட தடமே தெரியாமல் போகும், வீக்கமும் இருக்காது. பூச்சிக்கடி என்று விடிய விடியக் காத்திருந்து இழந்துவிடக்கூடிய உயிர் அது. நேரே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். அங்கே விஷமுறிவு மருந்து இலவசம்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். இன்று குளிப்பாட்டும்போது வெளிச்சத்தில் நிற்க வைத்து, காது மடலுக்குப் பின்னால் தொடங்கி அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, பின்புறம், விரலிடுக்கு வரை பாருங்கள். கையில் இருக்கும் தடிப்பைப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டு போட்டோ எடுத்து வையுங்கள். நாளையும் மறுநாளும் அந்த வட்டத்தைத் தாண்டிச் சிவப்பு பரவி, தொட்டால் சூடாக இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். காலண்டரில் இன்றைய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எத்தனை டிகிரி என்று சொல்வதற்கு முன்பே, “இன்ன தேதியில் ஏதோ கடித்தது, இன்ன இடத்தில் விளையாடினான்” என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.